பழைய வண்டியும் புதிய பிரேக்கும்

பழமையைப் போற்றுதல் நன்றென்பதை நம் கலாசாலை மாணாக்கருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பழஞ்சுவடி, பழங்காசு, பழைய கட்டடம் ஆகியவற்றைப் பேணும் அன்பர் நம்மிற் பலர் உளர். சில்லாண்டுகளாக இவ்வரிசையிலே பழைய மோட்டார் வண்டியும் வந்து சேர்ந்திருக்கின்றது. சுவடியைப் பேழையில் வைத்துப் பூட்டலாம். காசைச் செப்பில் இட்டு மூடலாம். மோட்டார் வண்டியோ தெருவில் ஓடுவது. அதுவும் பிறர் நடக்குந் தெருவில் ஓடுவது. இவ்வொரு வேற்றுமையினின்றே நாம் ஈண்டு எழுதப் புகுந்த விஷயம் பிறக்கின்றது.

வினா இதுவே. அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட வண்டியொன்றை மீண்டும் ஓடத் தகுதியாக்க விரும்புவோர், அதன் பிரேக்கைச் செய்தவர் செய்தபடியே வைத்தல் வேண்டுமா, இக்காலத்துப் பிரேக்காக மாற்றலாமா? பற்சக்கரங்கள் அடங்கிய கியர்ப்பெட்டியை அதற்குரிய உறுப்புக்களைக் கொண்டே பழுதுபார்த்தல் வேண்டுமா, ஐந்து கியருள்ள வேறொரு பெட்டியை அதனிடத்தில் அமைத்துவிடலாமா? இதில் இரு கட்சியார் உளர். ஒன்றையும் தொடலாகாது என்பார் ஒரு சாரார்; மாற்றத்தக்க யாவற்றையும் மாற்றுக என்பார் மற்றொரு சாரார். நாம் இவ்விரு சாராரிலும் சேர்ந்தோமல்லேம். பிரேக்கை மாற்றுதல் கடமை. கியர்ப்பெட்டியை மாற்றாது புதுக்குதலே முறை. இது எம் கொள்கை. ஒரே வண்டிக்கு இரண்டு நீதியா என்று நண்பரொருவர் நகைத்தார். அவருக்குச் சொல்லிய விடையையே சற்று விரித்து எழுதுகின்றோம்.

எம்மிடம் உள்ளது 1960-களிற் செய்யப்பட்ட அம்பாசடர் இரண்டாம் மாதிரி. அவ்வண்டியின் குலவரலாறு பலரும் அறிந்ததே. 1956-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி, வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் அதனைச் செய்யத் தொடங்கினர். 2014-இல் அத்தொழிற்சாலை நின்றது. ஏறக்குறைய அறுபதாண்டு ஒரே முகத்தோடு உலவிய வண்டி உலகத்தில் மிகச் சிலவே. கலெக்டரும் காண்ட்ராக்டரும், மாப்பிள்ளை ஊர்வலமும் வாடகை ஓட்டமும் அதனையே நம்பியிருந்த காலமொன்று தூத்துக்குடியிலும் இருந்தது. எம் தந்தையார் வாங்கிய வண்டியாதலின் அதன்மேல் எமக்கு உள்ள பற்றை மறைக்க வேண்டுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பங்குனி மாதத்து முற்பகலொன்றில் திருச்செந்தூர்ச் சாலையினின்று நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். விடியுமுன் உப்பளம் புகுந்த பெண்கள் வேலை முடித்து வீடு திரும்பும் வேளை அது. முள்ளக்காட்டை நெருங்கும்போது உப்பு மூட்டை ஏற்றிய லாரியொன்று பக்கத்துப் பாதையினின்று சாலையில் ஏறிற்று. பிரேக்கை மிதித்தோம். மிதி ஒரு தடையுமின்றித் தரைவரை சென்றது. மீண்டும் மிதித்தோம், காற்றை மிதிப்பது போன்றிருந்தது. மூன்றாங் கியரினின்று இரண்டாவதற்கு இறக்கிக் கைப்பிரேக்கையும் இழுத்துச் சாலையோரத்து மணலில் வண்டியைத் திருப்பினோம். அங்கே நடந்து சென்ற பெண்கள் ஐவர் அலறிச் சிதறினர். ஒருத்தியின் தூக்குவாளி உருண்டு உப்புப் பாத்தியின் வரப்பில் போய் நின்றது. யாருக்கும் காயமில்லை. அவருள் மூத்த அம்மாள் எம்மை நோக்கி, “நிக்காத வண்டிய எதுக்கு ரோட்டுல கொண்டு வாரீரு?” என்று கேட்டார். அதற்கு அப்பொழுதும் எம்மிடம் விடையில்லை. அவ்வண்டியின் பழமையை அவருக்கு எடுத்துச் சொல்லும் துணிவும் எமக்கு உண்டாகவில்லை.

பட்டறையில் தூக்கிப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. பின்சக்கரத்துக்குச் செல்லும் இரும்புக் குழாய் துருவால் அரிக்கப்பட்டு, மிதித்த அழுத்தத்தில் வெடித்திருந்தது. இதில் வியப்பு யாதுமில்லை. நம் கடற்கரையிற் சன்னற் கம்பியும் கதவுக் கீலும் படும் பாட்டை நாம் நாளும் காண்கின்றோம். வண்டியின் வயிற்றடியில் ஓடும் குழாயைக் குனிந்து பார்ப்பவர் யார்? உப்பங்காற்று வெளியேயிருந்து அரிக்கும். உள்ளேயிருந்து அரிப்பது மற்றொன்று. பிரேக் ஆயில் என்று நாம் வழங்கும் திரவம் எண்ணெய் இனத்ததன்று. காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே உறிஞ்சும் இயல்பினது. டாட்-3 என்னும் தரத்ததாயின், புதிதாயிருக்கும்போது 205 பாகை செண்டிகிரேடு வரை கொதியாதிருத்தல் வேண்டுமென்பது விதி. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகையாகத் தாழ்ந்துவிடுகின்றது. கொதித்து ஆவியானால் மிதி ஆவியை நெருக்குமேயன்றிச் சக்கரத்தை நிறுத்தாது. ஈரமோ குழாயின் உட்புறத்தையும் சிலிண்டரின் உட்சுவரையும் துருப்பிடிக்கச் செய்யும். இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் இத்திரவத்தை முற்றும் வடித்துப் புதிது நிரப்புதல் வேண்டும். நாமோ குறைந்தபோது சிறிது ஊற்றி நிரப்புவதோடு அமைந்திருந்தோம். குற்றம் எம்முடையதே.

ஆயினும் குழாயை மட்டும் மாற்றிவிட்டு மீண்டும் சாலையேறுதல் போதுமா? போதாதென்பதே எம் கருத்து. எம் வண்டியின் பழைய அமைப்பில் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று. அதினின்று புறப்படும் வழியும் ஒன்றே. நான்கு சக்கரத்துள் எந்தச் சக்கரத்துக் குழாய் உடைந்தாலும் நான்கும் கைவிடும். இரட்டை வழி அமைப்பிலோ ஒரு வழி பழுதானால் மற்றொன்று நிற்கும். அமெரிக்க நாட்டார் 1968-முதல் தம் கார்களுக்கு இதனைக் கட்டாயமாக்கினர். அடுத்தது டிரம். சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து உராய்ந்து வண்டியை நிறுத்துகின்றன. பிறக்கும் வெப்பம் அம்மூடிய பாண்டத்துக்குள்ளேயே தங்கும். சூட்டால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடியும் தளரும். வேகம் இருமடங்கானால் பிரேக் விழுங்கவேண்டிய சக்தி நான்மடங்காகும் என்பதைப் பௌதிக வகுப்பில் இருந்தோர் அறிவர். ஐப்பசி மழையிலே டிரம்முக்குள் நீர் புகுந்தால் சில நேரம் பிடிப்பே இராது. வெளியே திறந்து சுழலும் டிஸ்க்கோ நீரைச் சுழற்றி எறியும். வெப்பத்தையும் விரைவில் காற்றுக்குக் கொடுத்துவிடும்.

இந்த டிஸ்க் நேற்றுத் தோன்றிய புதுமையன்று. இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பார் 1902-லேயே அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1953-இல் பிரான்சு தேசத்து லெ மான் நகரில் நிகழ்ந்த இருபத்துநான்கு மணிப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூண்ட ஜாகுவார் வண்டி வெற்றி பெற்றது. 1955-இல் சித்ரோவன் கம்பெனியார் தம் டீ.எஸ். காரில் அதனைப் பொதுமக்களுக்கு விற்றனர். ஆகவே எம் அம்பாசடர் செய்யப்பட்டபோதே டிரம் பழைய முறையாகிவிட்டது. அதனை வைத்தவர் அழகு கருதி வைத்தாரல்லர். விலையும் வழக்கமும் கருதியே வைத்தனர் என்று நாம் எண்ணுகின்றோம். பிற்காலத்து அம்பாசடர்களில் அக்கம்பெனியாரே முன்சக்கரங்களுக்கு டிஸ்க்கை அமைத்தனர். தாமே திருத்திக்கொண்ட பிழையை நாம் காத்துநிற்பானேன்?

எம் வண்டியிற் செய்தது சுருக்கமாக இது: பிற்காலத்து அம்பாசடரின் டிஸ்க் உறுப்புக்கள் முன்சக்கரங்களில், இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டர், துருவேறாத செம்பு நிக்கல் கலப்புக் குழாய், மிதிக்குத் துணைசெய்யும் வெற்றிட பூஸ்டர். இக்கடைசி உறுப்பைத் தவிர்க்கலாமென்று சிலர் எண்ணுவர், ஆகாது. டிரம்மில் ஷூவைச் சுழற்சியே இழுத்து அழுத்திக்கொள்ளும். டிஸ்க்கில் அவ்வுதவி இல்லை. பூஸ்டர் இன்றேல் முழங்கால் நோகும். டிரம்முக்குரிய மாஸ்டர் சிலிண்டரில் குழாயினுள் எஞ்சிய அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு பெரும்பாலும் இருக்கும். அதனை டிஸ்க்கோடு பூட்டினால் பட்டைகள் ஓயாது உராய்ந்து எரியும். முன்னும் பின்னும் உள்ள பிடியின் அளவு ஒத்திராவிடில் பின்சக்கரம் முந்திப் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். ஆதலின் இது தெருவோரத்தில் அரைநாளில் முடிக்கும் வேலையன்று. கற்றறிந்தவர் கையிற் கொடுக்கவேண்டிய வேலை.

இன்னுமொன்று. பழைய லைனிங்குகளிற் கல்நார் கலந்திருந்தது. டிரம்மைக் கழற்றியவுடன் காற்றுக்குழலால் ஊதித் தூசியைப் பறக்கவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அத்தூசி நுரையீரலிற் படிந்து பல ஆண்டு கழித்துக் கொல்லும் நோய்க்கு வித்தாகும். அருகே நிற்பவன் பெரும்பாலும் வேலை பழகும் சிறுவன். நீர் தெளித்து நனைத்துத் துடைக்கச் சொல்லுதல் வண்டிக்காரனுடைய பொறுப்பு என்றே நாம் கருதுகின்றோம்.

நிற்க. ஒன்றையும் தொடலாகாது என்பாருடைய வாதத்தை நாம் எளிதாக எண்ணவில்லை. உறுப்பு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே சென்றால் கடைசியில் எஞ்சுவது எவ்வண்டி என்று அவர் வினவுகின்றனர். கோயமுத்தூர் ஜீடி கார் காட்சிசாலையில் நிற்கும் வண்டிகளைப் பற்றியாயின் நாம் அவரோடு முற்றும் உடன்படுவோம். அங்கே நிற்பது நிற்கவே செய்கின்றது. அதற்குப் பிரேக்கு வேண்டா. சாலையின் கதை வேறு. நம் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்பதை உறுதிசெய்வோர் நாமல்லேம், முன்செல்லும் வண்டியே. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதுக் கார் ஒவ்வொன்றிலும் சக்கரம் பூட்டாமற் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அத்தகைய கார் மதுரைச் சாலையில் நமக்கு முன்னே திடீரென நின்றால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும் நாம் என் செய்வோம்? துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரி பின்னே வருகையில் ஒதுங்கவும் இடமிராது. 1965-இல் அச்சாலைக்குப் போதிய பிரேக்கு இன்றைய சாலைக்குப் போதாது. வண்டி மாறவில்லை, சாலை மாறிவிட்டது.

இந்நகரத்தார்க்கு ஓர் உவமை கூறின் எளிதில் விளங்கும். மன்னார் வளைகுடாவில் 1961-இல் நிகழ்ந்த கடைசிச் சலாபம் வரை முத்துக்குளிப்போர் கல்லின்மேற் காலூன்றிக் கடலுள் இறங்கினர். தோணியில் நிற்பவன் கயிற்றால் அவரை மேலே ஏற்றினான். அக்கல் பாட்டன் காலத்ததாயினும் குற்றமில்லை. கயிறு பாட்டன் காலத்ததாயிருந்தால் இறங்குவார் உண்டோ?

இனிக் கியர்ப்பெட்டிக்கு வருவோம். பிரேக்கின் பிழை பிறர் உயிருக்கு ஊறு செய்யும். கியரின் பிழையோ வண்டிக்காரனுடைய பொறுமையையும் பணப்பையையுமே பெரும்பாலும் வருத்தும். எம் நீதி இரண்டாகப் பிரிவது இவ்விடத்தில்தான். அஃதன்றியும், வண்டியின் குணம் முழுவதும் கைக்குப் புலனாவது கியர்க்கோலிலே. எம் வண்டியில் அக்கோல் ஸ்டீயரிங் தண்டின்மேல் உள்ளது, கியர் நான்கு, முதற்கியருக்குச் சிங்க்ரோமெஷ் இல்லை. சிங்க்ரோமெஷ் என்பது சேரவேண்டிய இரு சக்கரங்களின் வேகத்தை உராய்வினால் முன்னரே ஒன்றாக்கிவிடும் வெண்கல வளைய அமைப்பு. 1928-இல் காடிலாக் வண்டியில் முதன்முதல் வந்தது. அஃதில்லாத கியரில் ஓடும்போதே இறக்க வேண்டுமாயின், கிளச்சை மிதித்து நடுநிலைக்குக் கொணர்ந்து, கிளச்சை விட்டு, இஞ்சினுக்குச் சிறிது வேகமூட்டி, மீண்டும் மிதித்துக் கோலை இடுதல் வேண்டும். காதும் காலும் கையும் ஒத்தால் ஓசையின்றி அமரும். ஒவ்வாவிடில் ஊர் முழுதும் கேட்கும். இந்தப் பயிற்சியை இக்காலத்து மாணாக்கர் பெறுவதற்கு வேறு வாயில் இல்லை.

எம் பெட்டி சில காலமாக முதல் மூன்று கியர்களிலும் ஊளையிட்டது. நான்காவதில் வாய் மூடிக்கொண்டது. முன்னர்ப் பஸ் டிப்போவில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற மேஸ்திரி ஒருவரை உடன் அமர்த்தி ஓட்டிக் காட்டினோம். பெட்டியைத் திறவாமுன்னரே, “லேஷாப்ட் ஊசி உருளை போயிட்டு, அண்ணாச்சி” என்றார். நான்காவது கியரில் இஞ்சின் தண்டும் வெளித்தண்டும் நேரே பிணைக்கப்படுதலால் கீழேயுள்ள துணைத்தண்டாகிய லேஷாப்டின்மேற் பாரம் இல்லை. மற்ற மூன்றிலும் பாரம் அதன் வழியே செல்கின்றது. மேஸ்திரி கல்லூரியில் வாசித்தவரல்லர்; அவர் கூறிய தர்க்கம் எந்த ஆசிரியரும் ஒப்புக்கொள்ளத் தக்கது.

திறந்தபோது அவர் சொல்லியபடியே இருந்தது. உருளைகளிற் குழி விழுந்திருந்தது. இரண்டாங் கியரின் சிங்க்ரோ வளையம் வழவழவென்று தேய்ந்திருந்தது. முதற்கியரில் ஒரு பல் முனை உடைந்திருந்தது. இவ்வுறுப்புக்கள் சிலவற்றை மதுரையிலும் சிலவற்றைச் சென்னைப் புதுப்பேட்டையிலும் தேடி எடுத்தோம். இரண்டு மாதம் ஆயிற்று. பூட்டும்போது நம் மாணாக்கர் இருவர் உடனிருந்தனர். ஊசி உருளைகளை ஒவ்வொன்றாகக் கிரீசில் ஒட்டவைத்து, தண்டு நுழையும் வரை விழாது காக்கவேண்டும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. ஒன்று தானே என்று விட்டிருந்தால் பெட்டி மீண்டும் ஊளையிடத் தொடங்கியிருக்கும். அரைநாள் தேடிய பின் மேஸ்திரியின் வெற்றிலைச் செல்லத்தின் அடியில் அது அகப்பட்டது. கடைசியாக எண்ணெய். கடைக்காரர் உயர்ந்த சரக்கென்று ஜீ.எல்.-5 வகையை நீட்டினார். அதிலுள்ள கந்தகச் சேர்க்கை பித்தளையையும் வெண்கலத்தையும் தாக்கவல்லது. சிங்க்ரோ வளையத்துக்கு அது பகை. ஜீ.எல்.-4 வகையே தகும். விலை மிகுந்ததே நல்லதென்னும் எண்ணம் இங்கே பொய்க்கின்றது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாக, பிற்காலத்து அம்பாசடருக்கு வந்த இசூசு ஐந்து கியர்ப்பெட்டியை வைத்தால் என்ன? டிஸ்க்கைப் பெற்ற இடத்திலேயே இதனையும் பெறலாமே? கேட்கத்தக்க வினாவே. ஐந்தாங் கியரில் இஞ்சின் மெதுவாகச் சுழலும். நெடுவழியில் இரைச்சல் குறையும். ஆனால் அப்பெட்டி இசூசு இஞ்சினுக்கென்று செய்யப்பட்டது. பழைய இஞ்சினோடு நேரே பொருந்தாது. இஞ்சினையும் மாற்றவேண்டும், அன்றேல் இடைத்தட்டுச் செய்து சேர்க்கவேண்டும். கோலுக்காகத் தரைத்தகட்டை வெட்டவேண்டும். பின்னே செல்லும் தண்டின் நீளத்தையும் மாற்றவேண்டும். வெட்டிய தகடு பின்னர் ஒருவராலும் முன்போலக் கூடாது. டிஸ்க்கோ திருகாணியில் நிற்பது. நாளைக்கு வேண்டாவெனின் கழற்றிவிடலாம்.

தூத்துக்குடித் தோணியை எடுத்துக்காட்டி எம்மை மடக்கியவரும் உண்டு. பாய்விரித்துக் கொழும்புக்குச் சென்ற தோணிகள் பின்னர் டீசல் இஞ்சின் பூண்டன. அதனால் அவற்றைத் தோணியல்ல என்று எவரேனும் கூறினரா என்றார் அவர். உண்மையே. ஆனால் தோணி பிழைப்புக்காக ஓடுவது. காற்றில்லாத நாளிலும் சரக்கு கரைசேர்தல் வேண்டும். தண்டல் முதலியோர்க்கும் ஊதியம் வேண்டும். எம் வண்டி எவர்க்கும் சோறு போடுவதன்று. அது தான் இருந்தபடி இருத்தற்பொருட்டே இருக்கின்றது. அதற்கு விரைவு என்ன தேவை?

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சீட்டிற் கண்ட விவரம் செய்தவர் குறித்த அமைப்புக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வற்புறுத்தியது. 2021 ஜூலையில் மத்திய அரசாங்கத்தார் ஐம்பதாண்டு கடந்த வண்டிகளுக்குத் தனி விதி வகுத்தனர். முதற்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும். காட்சிக்கும் பவனிக்கும் பழுதுபார்க்கவும் ஓட்டலாமேயன்றி அன்றாட வேலைக்கு ஓட்டலாகாது. இவை நல்ல விதிகளே. ஆனால் வண்டி ஆதி அமைப்பிலேயே இருத்தல் வேண்டும், பெருந்திருத்தம் அடைந்திருத்தல் கூடாது என்பதும் அதில் உண்டு. பிரேக்கை மாற்றுதல் பெருந்திருத்தமா? அதிகாரி ஒருவர் ஆமென்றும் மற்றொருவர் அன்றென்றும் கொள்ள இடமிருக்கலாகாது. இரட்டை வழிப் பிரேக்கும் முன் டிஸ்க்கும், கழற்றத்தக்க முறையில் அமைக்கப்பட்டு, தகுதியுள்ள பொறியாளரால் சோதிக்கப்பட்டனவாயின், ஆதி அமைப்புக்குக் குறைவாகா என்று விதியிலேயே எழுதிவிடுதல் நன்று. பவனியன்று தெருவின் இரு மருங்கிலும் பிள்ளைகள் நெருங்கி நிற்கின்றனர். அங்கேதான் நிற்கவேண்டிய வண்டி நிற்கவேண்டும்.

எம் வண்டியின் பழைய டிரம்மிரண்டையும் ஷூக்களையும் நாம் விற்றுவிடவில்லை. கல்நார் லைனிங்கை மட்டும் நீக்கி, எண்ணெய் தடவிய துணியிற் சுற்றி, எந்தச் சக்கரத்துக்கு உரியது என்று சீட்டெழுதிக் கட்டி, மரப்பெட்டியொன்றில் வைத்திருக்கின்றோம். எமக்குப் பின் இவ்வண்டியைப் பெறுவார் காட்சிசாலைக்குக் கொடுக்க விரும்பினால் எடுத்துப் பூட்டிக்கொள்ளட்டும். முள்ளக்காட்டு வழியே ஓட்ட விரும்பினால் பெட்டி அப்படியே இருக்கட்டும்.